படிப்பகப் பலகையில் 'இதே நாளில்' எழுதுவது எப்படி? டிசம்பர் 26-ஐ வைத்து ஒரு வழிகாட்டி

எங்கள் படிப்பகத்தின் வாசலை ஒட்டி ஒரு கரும்பலகை உண்டு. தினமும் காலையில் 'இதே நாளில்' என்று தலைப்புப் போட்டு ஆறேழு வரி எழுதுவோம். குமரி மாவட்டத்தில் வேறு ஊர்களிலும் இந்தப் பழக்கத்தைப் பார்த்திருக்கிறேன், ஆனால் பல இடங்களில் வாட்ஸ்அப்பில் வந்த பட்டியலை அப்படியே இறக்கிவிடுகிறார்கள், அதில் பாதி தப்பாக இருக்கிறது. கொஞ்சம் மெனக்கெட்டால் நன்றாகவே செய்யலாம். டிசம்பர் 26 என்ற ஒரே நாளை எடுத்துக்கொண்டு எப்படி என்று சொல்கிறேன்.

முதல் வரி ஊரிலிருந்து வரட்டும். முதல் வருடம் நான் ஆண்டு வரிசைப்படி எழுதினேன். 1530-இல் பாபர் இறந்ததில் தொடங்கி, கீழே ஏழாவது வரியாக '2004: இந்தியப் பெருங்கடலில் சுனாமி' என்று முடித்திருந்தேன். தினமும் பேப்பர் பார்க்க வரும் கடப்புறத்து அண்ணன் ஒருவர் பலகையை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றார். "கொட்டில்பாட்டுப் பேரையாவது போட்டிருக்கலாமே தம்பி" என்றார், அவ்வளவுதான். அவருடைய சொந்தக்காரர்கள் அந்தக் கடற்கரை ஊரில் சுனாமியில் இறந்துபோனவர்கள். அன்றைக்கே அழித்துவிட்டு மாற்றி எழுதினேன்.

இப்போது அந்த வரி இப்படி இருக்கும்: '2004, ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்மஸுக்கு மறுநாள். காலை 6.28-க்குச் சுமத்ரா அருகே 9.1 அளவில் நிலநடுக்கம். சில மணி நேரத்தில் குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி உள்ளிட்ட நம் கடற்கரை ஊர்களில் கடல் ஏறியது. மணக்குடிப் பாலம் உடைந்தது. பல நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.' ஊர்வாரியாக எத்தனை பேர் என்று எழுத நினைத்தால் அந்தந்த ஊர்ப் பங்குத் தேவாலயத்தில் இருக்கும் பெயர்ப்பட்டியலைப் பார்த்துவிட்டு எழுதுங்கள், இல்லாவிட்டால் எண்ணே வேண்டாம். பலகையில் ஒன்று குறைந்தால்கூட அது யாரோ ஒருவருடைய பிள்ளை.

அடுத்தது விவேகானந்தர். 1892 டிசம்பர் 25, 26, 27 மூன்று நாளும் அவர் கடல் நடுவே உள்ள பாறையில் தியானம் செய்தார் என்றுதான் நினைவு மண்டபத்தின் வரலாறு சொல்கிறது. இப்படிப் பல நாள் நீண்ட நிகழ்ச்சியை முதல் நாளில் விரிவாக எழுதுங்கள், மற்ற நாட்களில் ஒரு வரி போதும். ஆனால் 26-ஆம் தேதிக்கு நான் அந்த ஒரு வரியோடு இன்னொன்றையும் சேர்ப்பேன்: சரியாக 112 ஆண்டு கழித்து அதே நாளில், அதே பாறைக்குப் படகில் போன சுற்றுலாப் பயணிகள் கடல் பொங்கியதால் கரை திரும்ப முடியாமல் மாட்டிக்கொண்டு, பிறகு மீட்கப்பட்டார்கள். பிள்ளைகள் நின்று வாசிப்பது இதைத்தான்.

வெளி உலகச் செய்திகளுக்கு மூன்று நான்கு வரி போதும். 1898-இல் மேரி கியூரியும் பியேரும் ரேடியம் கண்டுபிடித்ததைப் பிரெஞ்சு அறிவியல் கழகத்துக்கு அறிவித்தது, 2024-இல் மன்மோகன் சிங் மறைந்தது, 1925-இல் ஸ்ரீவைகுண்டத்தில் நல்லகண்ணு பிறந்தது, இப்படி.

தேதியைச் சரிபார்ப்பதில்தான் உண்மையான வேலை இருக்கிறது. கணினியின் முன்னோடி சார்லஸ் பாபேஜ் பிறந்தது டிசம்பர் 26. எந்த ஆண்டு? அவர் இறந்தபோது லண்டன் பத்திரிகையில் 1792 என்று வந்தது. பிறகு தேவாலயப் பதிவேட்டைப் பார்த்தால் 1792 ஜனவரி 6-ஆம் தேதியே ஞானஸ்நானம் கொடுத்திருக்கிறார்கள்! அப்படியானால் பிறந்தது 1791. நம் மாவட்டத்திலும் பழைய தேவாலயங்களில் இப்படிப் பதிவேடுகள் இருக்கின்றன, ஊர்ப் பெரியவர் யாருடைய பிறந்தநாளை எழுதுவதானாலும் குடும்பத்தார் சம்மதத்தோடு அங்கே ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

சோவியத் ஒன்றியம் 1991-இல் கலைந்ததைச் சிலர் டிசம்பர் 25 என்றும் சிலர் 26 என்றும் எழுதுவார்கள். கோர்பச்சேவ் பதவி விலகியது 25, ஒன்றியம் இல்லாமல் போனதாக அதன் நாடாளுமன்ற மேலவை தீர்மானம் போட்டது 26. அதனால் என்ன நடந்தது என்பதை வினையோடு எழுதினால் குழப்பம் வராது. கம்யூனிஸ்ட் கட்சி தொடங்கிய நாளும் அப்படித்தான்: சிபிஐ 1925 டிசம்பர் 26, கான்பூர் என்கிறது; சிபிஎம் 1920 அக்டோபர் 17, தாஷ்கண்ட் என்கிறது. ஒன்றை மட்டும் எழுதினால் சாயந்தரம் பலகை முன்னால் சண்டை வரும், இரண்டையும் எழுதிவிடுங்கள்.

பேப்பரில் இருந்து எடுக்கிறீர்களா, அப்போது ஒன்றைக் கவனியுங்கள். 26-ஆம் தேதி நடந்தது 27-ஆம் தேதிப் பேப்பரில்தான் இருக்கும். பேப்பரின் தேதியையே நிகழ்ச்சியின் தேதியாக எழுதிவிடுகிறவர்கள் அதிகம். வெளிநாட்டு நேரமும் அப்படியே காலை வாரும். சந்திரனில் அப்பல்லோ 11-இன் ஈகிள் கலம் இறங்கிய 1969 ஜூலை 20 நமக்கு 21-ஆம் தேதி விடியற்காலம் 1.47 மணி.

நம் மாவட்டத்துக்கென்றே இன்னொரு சிக்கல் உண்டு. இது திருவிதாங்கூராக இருந்த மண், பழைய பிரமாணங்களிலும் (பத்திரங்களிலும்) கல்வெட்டுகளிலும் கொல்லம் ஆண்டுதான் இருக்கும். ஆகஸ்ட் நடுவில் சிங்கம் மாதம் (நம் ஆவணி) ஒன்றாம் தேதி அந்த ஆண்டு பிறக்கிறது. ஆகவே ஆங்கில ஆண்டு தெரிய, சிங்கம் முதல் டிசம்பர் கடைசி வரை உள்ள தேதி என்றால் கொல்லம் ஆண்டோடு 824 கூட்டுங்கள், ஜனவரி முதல் சிங்கம் பிறக்கும்வரை என்றால் 825. குளச்சல் போர் நடந்தது 1741 ஆகஸ்ட் 10, சிங்கத்துக்கு முந்தியது, எனவே அது கொல்லம் 916. 824-ஐக் கூட்டினால் ஒரு வருடம் பிசகிவிடும்.

வார்த்தையிலும் கவனம் வேண்டும். 1956 நவம்பர் 1 'குமரி தமிழ்நாட்டோடு இணைந்த நாள்' என்று நாம் சொல்கிறோம், பேச்சுக்குச் சரி. பலகையில் எழுதும்போது, அகஸ்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தன என்று எழுதுங்கள், ஏனென்றால் மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்ற பெயர் 1969 ஜனவரி 14-இல்தான் வந்தது. நூற்றாண்டு என்று எழுதும்போதும் தொடக்கமா நிறைவா என்று சேர்த்துச் சொல்லுங்கள். 1925-இல் பிறந்தவருக்கு 100 வயது முடிவது 2025-இல்.

எழுத்து பெரிதாக இருக்கட்டும், ஆண்டு முதலில் வரட்டும், வண்ணச் சாக்பீஸ் மற்ற நாட்களுக்குச் சரி, டிசம்பர் 26-க்கு வெள்ளை மட்டும் போதும். அந்த ஒரு பலகையை நாங்கள் 27-ஆம் தேதியும் அழிப்பதில்லை. முந்தின நாள் முழுக்கக் குளச்சலிலும் மணக்குடியிலும் பூசைக்கும் நினைவிடத்துக்கும் போயிருந்தவர்கள் மறுநாள்தான் படிப்பகத்துக்கு வருவார்கள். 27-க்குரிய வரிகளை ஒரு சார்ட்டில் எழுதிப் பக்கத்தில் தொங்கவிடுவோம்.