மோடத்துக்கும் ரவுட்டருக்கும் இடையே நெட் நின்றுவிட்டால் செய்யக்கூடாதவை

ஃபைபர் இணைப்பு உள்ள பல வீடுகளில் இரண்டு பெட்டிகள் இருக்கும். நிறுவனம் மாட்டிவிட்டுப் போன மோடம் ஒன்று, நாமே வாங்கி வைத்த வைஃபை ரவுட்டர் இன்னொன்று. நெட் நின்றதும் ஊசியை எடுத்து மோடத்தின் ரீசெட் துளையில் குத்துகிறார்கள் பாருங்கள், அதுதான் பெரிய தவறு. ஆஃப் செய்து ஆன் செய்வது வேறு, ரீசெட் வேறு. பத்து விநாடி அழுத்திப் பிடித்தால் பிபிபிஓஇ (PPPoE, நிறுவனத்தின் நெட்டுக்குள் நுழையும் லாகின்) யூசர்நேம், பாஸ்வேர்டு, நிறுவனம் தரும் விலான் (VLAN) அமைப்பு எண் எல்லாம் அழிந்துபோகலாம். அந்த விவரங்கள் கையில் இல்லையென்றால் டெக்னீஷியன் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

முதலில் மோடத்தின் விளக்குகளைப் பாருங்கள். எல்ஓஎஸ் (LOS) என்ற விளக்கு சிவப்பாக மின்னினால் ஃபைபரில் ஒளி வரவில்லை; ரவுட்டரில் எதை மாற்றியும் பயனில்லை. மஞ்சள் ஃபைபர் வயர் மேசைக்குப் பின்னால் நசுங்கியோ மடங்கியோ இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் புகார் கொடுங்கள். ஃபைபர் முனையைச் சட்டைத் துணியால் துடைக்காதீர்கள், கண்ணருகே பிடித்தும் பார்க்காதீர்கள்.

பான் (PON, ஃபைபர் இணைப்பைக் காட்டும்) விளக்கு நிலையாகப் பச்சையில் எரிந்தால் அடுத்து கேபிளைப் பாருங்கள். மோடத்தின் லேன் (LAN, வீட்டுக் கருவிகளுக்கான) போர்ட்டிலிருந்து வரும் கேபிள் ரவுட்டரின் வேன் (WAN, வெளியிலிருந்து நெட் வரும்) போர்ட்டில்தான் இருக்க வேண்டும். வீடு பெருக்கும்போது கழன்றதை யாராவது லேன் துளையில் செருகிவிட்டால், இரண்டு பெட்டிகளும் போட்டி போட்டுக்கொண்டு ஐபி முகவரி (ஒவ்வொரு கருவிக்குமான அடையாள எண்) கொடுக்கும். ஒரு போனில் நெட் வரும், இன்னொன்றில் வராது.

கேபிளெல்லாம் சரி, வைஃபையும் முழுதாகக் காட்டுகிறது, ஆனால் நெட் மட்டும் இல்லை என்றால் முகவரி மோதலைச் சந்தேகியுங்கள். மோடமும் 192.168.1.1, ரவுட்டரும் 192.168.1.1 என்றால், எது வீட்டுக்குள், எது வெளியே என்று ரவுட்டருக்கே தெரியாது. பல ரவுட்டர்கள் இதைத் தாமாகவே சரிசெய்துகொள்ளும், பழையவை செய்யாது. ரவுட்டரின் லேன் முகவரியை 192.168.2.1 என்று மாற்றிச் சேமித்தால் போதும். மோடத்தின் முகவரியில் கை வைக்க வேண்டாம்.

பிபிபிஓஇ லாகின் ஓர் இடத்தில்தான் இருக்க வேண்டும். மோடமே லாகின் செய்கிறது என்றால் ரவுட்டரின் வேன் அமைப்பு டைனமிக் ஐபியில் (முகவரியைத் தானாகப் பெறும் முறை) இருக்கட்டும். மோடம் பிரிட்ஜ் மோடில், அதாவது தான் லாகின் செய்யாமல் நெட்டை அப்படியே ரவுட்டருக்குக் கடத்தும் நிலையில், இருந்தால் மட்டும் ரவுட்டரில் யூசர்நேம் கொடுங்கள். அந்த நிலையில் லேப்டாப்பை நேரே மோடத்தில் மாட்டினால் நெட் வராது. அதை வைத்து மோடம் பழுது என்று முடிவுகட்டாதீர்கள்.

மின்சாரம் போய் வந்தபின் சிக்கல் என்றால் இரண்டையும் அணைத்து, மோடத்தை மட்டும் முதலில் போடுங்கள். பான் விளக்கு மின்னாமல் நின்றபின் ரவுட்டரைப் போடலாம்.

வேகம் மட்டும் 95 எம்பிபிஎஸ் அருகில் முட்டி நின்றால் ரவுட்டரை மாற்ற அவசரப்படாதீர்கள். ஒரு ஜிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) வேகத்துக்குக் கேபிளின் எட்டுக் கம்பிகளும் வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் இணைப்பு 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடலாம். எட்டும் சரியாக உள்ள கேட் 5இ (Cat 5e) வகைக் கேபிளை மாற்றிப் பாருங்கள். அதிலும் ஏறவில்லையென்றால் இரண்டு பெட்டிகளின் போர்ட்டுகளும் ஜிகாபிட்தானா என்று பாருங்கள்.