நெல்லைக்குப் புறப்படுமுன்: தொண்டை அடைப்பானும் கடைசி ஊசித் தேதியும்

பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோவில், ஆடியில் கொடை, ஜூலையில் குற்றாலச் சாரல் என்று கணக்குப் பார்த்து டிக்கெட் போடுகிறவர்கள், டைபாய்டு ஊசி வேண்டுமா, மலேரியா மாத்திரை வேண்டுமா என்றெல்லாம் விசாரிப்பார்கள். டிப்தீரியாவைப் பற்றிக் கேட்பவர் அபூர்வம். "அதெல்லாம் சின்னப்பிள்ளையிலேயே போட்டாச்சு" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். போட்டது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்த ஊசியின் காவல் ஆயுசு முழுக்க நிற்காது, 10 ஆண்டு வாக்கில் தளர்ந்துவிடும். ஆகவே பாஸ்போர்ட்டின் காலாவதித் தேதியைப் பார்க்கும் அன்றே, கடைசியாக டிப்தீரியா ஊசி போட்ட தேதியையும் தேடி எடுத்துவிடுங்கள்.

ஊரில் இதற்குத் தொண்டை அடைப்பான் என்று பெயர். பெயர் சொல்வது நோயில் பாதியைத்தான். கிருமி பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும்தான் தங்கும், உடம்புக்குள் பரவாது. அங்கே இருந்துகொண்டே அது கக்குகிற நஞ்சு ரத்தத்தில் கலந்து இதயத்துக்கும் நரம்புக்கும் போகிறது. தொண்டை அடைபட்டு மூச்சு முட்டிச் சாவது ஒரு வகை. தொண்டை ஆறிவிட்டது என்று வீட்டார் நிம்மதியடைந்த பிறகு இதயம் நின்றுபோவது இன்னொரு வகை. சிகிச்சை கிடைத்தாலும் 10 பேரில் ஒருவர் வரை இறக்கிறார்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு ஆபத்து இன்னும் கூடுதல்.

இது பழங்காலத்து நோயென்று நினைத்துவிட வேண்டாம். இந்தியாவில் 2018-ஆம் ஆண்டில் மட்டும் 8,000-க்கு மேற்பட்டோருக்கு வந்ததாகப் பதிவாகியிருக்கிறது. மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் 2016-ல் தலைதூக்கியது. சோவியத் யூனியன் உடைந்த பிறகு 1990-களில் அந்த நாடுகளில் ஒன்றரை லட்சம் பேரைப் பிடித்தபோது, பாதிக்கப்பட்டவர்களில் நிறையப் பேர் வளர்ந்த ஆட்கள். சின்ன வயதில் போட்ட ஊசியின் பலம் தேய்ந்திருந்ததும் அதற்கு ஒரு காரணம்.

இரண்டு டிடி

நெல்லைச் சீமையில் காலில் ஆணி குத்தினால் 'ஒரு டிடி போட்டுக்கோ' என்பது வழக்கம். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. தமிழில் ஒரே மாதிரி ஒலிக்கும் ஊசிகள் இரண்டு உண்டு. பழைய டிடி, டெட்டனஸ் டாக்ஸாய்டு. அதில் ரண ஜன்னிக்கான மருந்து மட்டுமே இருக்கும், டிப்தீரியாவுக்கு ஒன்றும் கிடையாது. புதிய டிடியில் டெட்டனஸும் டிப்தீரியாவும் சேர்ந்தே இருக்கும். இந்திய அரசுத் திட்டத்தில் 2019 முதல் பழையதன் இடத்துக்கு இது வந்துவிட்டது. ஆனாலும் தனியார் கிளினிக்கிலோ மெடிக்கல் ஷாப்பிலோ பழையதையே எடுத்துக் கொடுக்கக்கூடும். குப்பி லேபிளை வாங்கிப் பாருங்கள். ஆங்கிலத்தில் பெரிய டி, சின்ன டி (Td) என்று எழுதியிருந்தால் அதுதான் உங்களுக்கு வேண்டியது. இரண்டும் பெரிய எழுத்தாக (TT) இருந்து, கீழே டெட்டனஸ் என்று மட்டும் போட்டிருந்தால் பழையது. ஐந்து வருடத்துக்கு முன் ஊரில் போட்ட 'டிடி'யை நம்பி உட்கார்ந்திருப்பவர்கள் அது எந்த டிடி என்று முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

அந்தச் சின்ன எழுத்துக்குக் காரணம் இருக்கிறது. குழந்தைகளுக்கான டிபிடி ஊசியில் டிப்தீரியா மருந்தின் அளவு அதிகம். அதையே பெரியவர்களுக்குப் போட்டால் கை வீங்கிச் சிவந்து இரண்டு நாள் தூக்க முடியாமல் செய்துவிடும். அதனால் 7 வயதுக்கு மேல் அளவு குறைத்த ஊசிதான். கக்குவான் இருமலுக்கான மருந்தும் சேர்ந்த டிடாப் என்ற பெரியவர் ஊசியும் உண்டு. கைக்குழந்தை உள்ள வீட்டுக்குப் போகிறவர்களுக்கு அதுவே மேல். வளைகாப்புக்கு ஊர் வரும் கர்ப்பிணிகள், ஒவ்வொரு பேறுகாலத்திலும் டிடாப் போடும் நாடுகளில் வசித்தால், அதைப் போட்டுக்கொண்டே கிளம்பலாம். தாய்க்கு உண்டாகும் எதிர்ப்புச் சக்தி வயிற்றுப் பிள்ளைக்கும் போய்ச் சேரும்.

நாட்டுக்கு நாடு வழக்கம் வேறு. அமெரிக்காவிலும் கனடாவிலும் 10 ஆண்டுக்கு ஒருமுறை போடச் சொல்வார்கள். பிரிட்டனில் 14 வயதுத் தவணையோடு வழக்கமான ஊசிகள் முடிந்துவிடும். ஆனால் கடைசி ஊசிக்கு 10 ஆண்டு கடந்து, இந்தியா போன்ற நாட்டுக்குப் போகிறவர்களுக்குப் பயண ஊசியாக அரசே இலவசமாகப் போடுகிறது. நாமாகக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். சிங்கப்பூரில் டிப்தீரியா ஊசி சட்டப்படி கட்டாயம், ஆனால் அந்தக் கட்டாயம் பிள்ளைகளுக்குத்தான். வளைகுடாவில் வேலை பார்ப்பவர்கள் பலரிடம் ஊசி போட்டதற்கான காகிதமே இருக்காது.

காகிதம் இல்லையென்றால் போடாதவர் என்றே கணக்கு. முதல் ஊசி, நான்கு வாரம் கழித்து இரண்டாவது, அதிலிருந்து 6 முதல் 12 மாதத்துக்குள் மூன்றாவது. ஜூலையில் குற்றாலம் என்றால் மே முதல் வாரத்திலேயே தொடங்கிவிட்டால் இரண்டு ஊசியாவது உள்ளே போயிருக்கும். ஏற்கெனவே முழுத் தவணையும் போட்டவருக்கு ஒரே பூஸ்டர் போதும். பயணத்துக்கு இரண்டு வாரம் முன்னால் போடுவது நல்லது. மறந்துபோய் முந்தின நாள்தான் ஞாபகம் வந்தது என்றாலும் போடுங்கள், போடாமல் போவதைவிட அது எவ்வளவோ தேவலை.

ஊரில் இருக்கும் தாத்தா பாட்டியை மறந்துவிடக் கூடாது. நாடு தழுவிய தடுப்பூசித் திட்டம் 1978-ல்தான் தொடங்கியது. அதற்கு முன் பிறந்தவர்களில் பலர் ஒரு டிப்தீரியா ஊசிகூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

பிள்ளைகள் கணக்கு

தமிழ்நாட்டில் 6, 10, 14 வாரங்களில், டிப்தீரியா மருந்தும் அடங்கிய பென்டாவேலன்ட் ஊசி. 16 முதல் 24 மாதத்துக்குள் டிபிடி பூஸ்டர், 5 முதல் 6 வயதில் இன்னொன்று, பிறகு 10 வயதிலும் 16 வயதிலும் புதிய டிடி. அமெரிக்காவில் 2, 4, 6 மாதம் என்று தள்ளித் தள்ளி வரும். கைக்குழந்தையோடு கிளம்புகிறவர்கள் அங்கேயே மருத்துவரிடம் சொன்னால் முன்கூட்டிப் போட்டுக்கொள்ளலாம். குழந்தைக்கு 6 வாரம் நிறைந்திருக்க வேண்டும், இரண்டு ஊசிக்கு நடுவில் 4 வாரம் இருக்க வேண்டும். வேறு தடையில்லை. ஒரு தவணை தவறிப்போனால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். லேசான சளி, மூக்கொழுகலுக்காகவும் தள்ளிப்போட வேண்டாம்.

தங்கியிருக்கும் நாட்களில் தவணை வந்தால் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் போடலாம். பொதுவாகப் புதன்கிழமை தடுப்பூசி நாள். தெருவுக்கு வரும் நர்சம்மாவிடம் முன்னாலேயே சொல்லிவைத்தால் அவரே நாளும் இடமும் சொல்லிவிடுவார். ஊசியின் பெயர், தேதி, பேட்ச் எண் மூன்றையும் தாய் சேய் அட்டையில் எழுதி வாங்குங்கள். வெளிநாட்டு மருத்துவர் 'சிக்ஸ் இன் ஒன்', அதாவது ஆறு நோய்க்கான ஒரே ஊசியைத் தேடுவார். பென்டாவேலன்டில் இருப்பது ஐந்து, போலியோ தனி ஊசி. அது இரண்டும் தனித்தனியே எழுதியிருந்தால் அங்கே போய் மறுபடி குத்திக்கொள்ளும் வேலை மிச்சம்.

மெடிக்கல் ஷாப்பில் தடுப்பூசி வாங்கி, கேரிபேக்கில் போட்டு, பஸ்ஸில் கொண்டுபோய்க் கிளினிக்கில் போட்டுக்கொள்வது இன்னும் நடக்கிறது. கூடாது. இந்த மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். வெயிலில் கெடும் என்பது எல்லோருக்கும் தெரியும். உறைந்தால் அதைவிடச் சீக்கிரம் கெடும் என்பதுதான் பலருக்குத் தெரியாது. நல்லெண்ணத்தோடு ஐஸ் கட்டிக்கு நடுவில் திணித்துக் கொண்டுவந்த குப்பி அப்படித்தான் வீணாகிறது. நல்ல மருந்தைக் குலுக்கினால் நீர்த்த பால்போல ஒரே சீராகக் கலங்கும். உறைந்து இளகியது திரிதிரியாகத் தெரிந்து, அரைமணி நேரத்துக்குள் அடியில் படிந்து மேலே தெளிந்துவிடும். ஊசியைப் போடும் இடத்திலேயே குளிர்பெட்டியிலிருந்து எடுக்கச் சொல்வதுதான் ஒரே வழி.

போட்ட பிறகு ஒன்றிரண்டு நாள் காய்ச்சலும் தொடையில் வலியும் இருக்கும். ஆச்சிமார் எண்ணெய் தேய்த்து நீவிவிடக் கையை நீட்டுவார்கள். நீவ வேண்டாம், ஈரத்துணி போதும்.

தொண்டையைப் பார்ப்பது

கிருமி தொற்றி 2 முதல் 5 நாளில் தொண்டை வலிக்கத் தொடங்கும். காய்ச்சல் பெரிதாக இருக்காது, 101 டிகிரியைத் தாண்டுவது குறைவு. ஏமாற்றுவதே அந்த இளங்காய்ச்சல்தான். காய்ச்சலின் அளவுக்குப் பொருந்தாமல் பிள்ளை துவண்டு கிடந்தால் வெளிச்சத்தில் உட்காரவைத்து, 'ஆ' சொல்லச் சொல்லி, டார்ச் அடித்துப் பாருங்கள். சாதாரண டான்சில் வீக்கத்தில் வெள்ளையோ மஞ்சளோ புள்ளிபுள்ளியாக இருக்கும், பெரும்பாலும் டான்சிலோடு நிற்கும். தொண்டை அடைப்பானில் சாம்பல் நிறத் தோல் ஒன்று ஒட்டினாற்போல் படர்ந்து, டான்சிலைத் தாண்டி உள்நாக்கின் மேலும் ஏறும். சுரண்டினால் ரத்தம் வரும். நீங்கள் சுரண்டிப் பார்க்காதீர்கள். தாடைக்குக் கீழே கழுத்து புடைத்துப்போவது, குரல் கம்மிக் குரைப்பதுபோல் இருமுவது, மூச்சு இழுக்கும்போது சத்தம் வருவது, மூக்கிலிருந்து ரத்தம் கலந்த நீர் ஒழுகுவது எல்லாம் தாமதிக்கக் கூடாத அறிகுறிகள்.

நம் பக்கத்தில் பிள்ளை விழுங்க மறுத்தால் 'தொக்கம் எடுக்க' அழைத்துப் போவதும், உள்நாக்கு வளர்ந்துவிட்டது என்று விரலைவிட்டு அழுத்துவதும் உண்டு. மற்ற நேரத்தில் அதைப்பற்றி என்ன அபிப்பிராயம் வைத்திருந்தாலும் சரி, இந்த நோயில் அது உயிருக்கு உலை. தோல் பெயர்ந்து ரத்தம் கசியும், பெயர்ந்த துண்டு மூச்சுக்குழலை அடைத்துக்கொள்ளும், விரல் விட்டவருக்கும் தொற்றும்.

மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் இரண்டு நாள் ஆன்டிபயாட்டிக்கும் வினைதான். கிருமி அரைகுறையாக அடங்கும், பிறகு தொண்டையில் பஞ்சு தடவி எடுக்கும் சோதனையில் ஒன்றும் தெரியாமல் போகலாம். ரத்தத்தில் கலந்த நஞ்சையோ எந்த ஆன்டிபயாட்டிக்கும் தொடாது. ஏற்கெனவே கொடுத்திருந்தால் அந்த அட்டையை எறியாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

நஞ்சை முறிப்பது ஆன்டிடாக்சின். குதிரையின் ரத்தத்திலிருந்து எடுப்பது. பேரிங், கிட்டசாட்டோ என்ற விஞ்ஞானிகள் 1890-ல் காட்டிய அதே வழி. திசுக்களைப் பற்றிக்கொண்ட நஞ்சை அதனாலும் எடுக்க முடியாது, சுற்றிக்கொண்டிருப்பதை மட்டுமே முறிக்கும். அதனால்தான் சோதனை முடிவுக்குக் காத்திராமல், சந்தேகம் வந்ததுமே ஏற்றுகிறார்கள். அளவு ஆளின் எடையைப் பொறுத்ததல்ல. தொண்டையோடு நின்று இரண்டு நாளுக்குள் வந்தவருக்கு 20,000 முதல் 40,000 யூனிட், கழுத்து புடைத்தோ மூன்று நாள் கடந்தோ வந்தால் 80,000-க்கு மேல். தாமதமான ஒவ்வொரு நாளும் அந்தக் கணக்கில் ஏறும். குதிரைச் சீரம் ஒவ்வாதவர்கள் உண்டு என்பதால் முதலில் சிறிதளவு கொடுத்துப் பார்ப்பார்கள்.

இந்த மருந்து சிறிய கிளினிக்கில் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி, அதாவது திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைதான் போக வேண்டிய இடம். அம்பாசமுத்திரம், வள்ளியூர், தென்காசிப் பக்கத்திலிருந்து ஒரு மணி நேரப் பாடு. மூச்சு இழுக்கிறது என்றால் சொந்தக் காரை எடுக்காமல் 108-ஐ அழையுங்கள், வழியில் ஆக்சிஜன் வேண்டியிருக்கும். 'தொண்டை அடைப்பானாக இருக்குமோ என்று சந்தேகம்' என்ற வார்த்தையை நீங்களே சொல்லிவிடுவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

ஆஸ்பத்திரியில் பென்சிலின் அல்லது எரித்ரோமைசின் 14 நாள், தனி வார்டு. தேறிவிட்டான் என்று பத்தாம் நாளே அருவிக்கு அழைத்துப் போய்விடாதீர்கள். இதயம் தடுமாறுவது சில வாரம் கழித்தும் நேரலாம், படுக்கையில் ஓய்வுதான் மருந்து. அதன்பின் பேச்சு மூக்கால் வருவதும், குடித்த தண்ணீர் மூக்கு வழியே திரும்புவதும் நரம்பில் நஞ்சு தொட்டதற்கு அடையாளம். இன்னொன்று, நோய் வந்து போனதே காவல் ஆகிவிடாது. குணமான பிறகும் தடுப்பூசி போட வேண்டும்.

உடனிருந்தவர்களை ஒரு வாரமாவது கவனிப்பார்கள். தொண்டைச் சோதனை, 7 முதல் 10 நாள் எரித்ரோமைசின் அல்லது ஒரே ஒரு பென்சத்தைன் பென்சிலின் ஊசி, கடைசித் தவணைக்கு 5 ஆண்டு கடந்திருந்தால் பூஸ்டர். ஊசி போட்டிருக்கிறோம், நமக்கெதற்கு என்று நழுவ வேண்டாம். தடுப்பூசி எதிர்ப்பது நஞ்சைத்தான். கிருமி நம் தொண்டையில் சத்தமில்லாமல் இருந்து, தொட்டிலில் கிடக்கும் 6 வாரம் நிறையாத பிள்ளைக்குப் போய்ச் சேரலாம். சளி இருமலோடு பிள்ளை பார்க்கப் போகாதிருப்பதும் அதற்காகவே. செம்பை உதட்டில் வைக்காமல் அண்ணாந்து குடிக்கும் நம்மூர்ப் பழக்கம் நல்லதுதான், ஆனால் எதிரே உட்கார்ந்து இருமுகிறவரிடமிருந்து அது காப்பாற்றாது. வெப்பமான ஊர்களில் கால் புண்ணிலும் இந்தக் கிருமி குடியேறும். கொசுக்கடியைச் சொறிந்த புண்ணைக் கட்டுப்போட்டு மூடி வையுங்கள்.

திரும்பிப் போன 10 நாளுக்குள் தொண்டை வலித்தால், அங்குள்ள மருத்துவரிடம் இந்தியா போய்வந்ததை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். அவர் தம் அனுபவத்தில் இந்த நோயைப் பார்த்தே இருக்கமாட்டார். இந்தக் கிருமியைத் தேடும்படி சோதனைச் சீட்டில் தனியே எழுதினால்தான் லேப்பில் அதற்கான தட்டில் வளர்த்துப் பார்ப்பார்கள்.