துபாய் தூரமா, சிங்கப்பூர் தூரமா? விமான நேரத்தை நாமே கணக்குப் போடலாம்

காலை 10 மணிக்குச் சென்னையில் ஏறினால் துபாயில் மதியம் 12.40-க்கு இறங்கிவிடலாம், அதே 10 மணிக்குச் சிங்கப்பூருக்குக் கிளம்பினால் போய்ச் சேர மாலை 4.40 ஆகும். டிக்கெட்டில் இப்படிப் பார்த்துவிட்டு, சிங்கப்பூர்தான் ரொம்ப தூரம் என்று திருவொற்றியூர், தண்டையார்பேட்டைப் பக்கம் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இரண்டும் ஏறக்குறைய ஒரே தூரம். வீட்டில் யாராவது முதல்முறை வெளிநாடு கிளம்பினால், இந்தக் கணக்கை அவர்களுக்குக் கட்டாயம் சொல்லிக்கொடுங்கள்.

முதல் படி: தூரம்

கம்ப்யூட்டரில் கூகுள் மேப்ஸைத் திறந்து, மீனம்பாக்கம் ஓடுபாதையின் மேல் மவுஸின் வலது பட்டனை அழுத்துங்கள். வரும் பட்டியலில் தூரத்தை அளக்கும் வசதி இருக்கும். அதைத் தொட்டுவிட்டு, துபாய் விமான நிலையத்தின் மேல் கிளிக் செய்தால் சுமார் 2,930 கி.மீ. என்று வரும். சிங்கப்பூர் சாங்கிக்கும் அப்படியே பாருங்கள்: சுமார் 2,920.

வழி கேட்கும் பட்டனைத் தொடாதீர்கள். அது சாலைக் கணக்கு. நீண்ட தூரத்துக்கு அளக்கும்போது கோடு வில்லாக வளைந்து தெரியும், அது சரிதான். உருண்டையான பூமியில் மிகக் குறுகிய வழி, தட்டையான படத்தில் வளைவாகத்தான் விழும்.

இரண்டாம் படி: நேரம்

கிலோமீட்டரை 800-ஆல் வகுத்து அரை மணி நேரம் சேருங்கள். மேலே போனதும் விமானம் மணிக்கு 800 கி.மீ.க்கு மேல்தான் பறக்கும். ஆனால் ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு. ஓடுபாதைக்கு ஊர்ந்து போகும் நேரமும் டிக்கெட் கணக்கில் உண்டு. அதற்குத்தான் அந்த அரை மணி.

2,930-ஐ 800-ஆல் வகுத்தால் 3.66. இதை 3 மணி 66 நிமிடம் என்று படித்துவிடக் கூடாது. புள்ளிக்குப் பின்னால் இருப்பதை, அதாவது 0.66-ஐ, 60-ஆல் பெருக்குங்கள். 40 நிமிடம் வரும். ஆக 3 மணி 40 நிமிடம், அரை மணி சேர்த்தால் 4 மணி 10 நிமிடம்.

மூன்றாம் படி: கடிகாரம்

டிக்கெட்டில் கிளம்பும் நேரம் கிளம்பும் ஊருடையது, இறங்கும் நேரம் இறங்கும் ஊருடையது. 10 மணியோடு 4 மணி 10 நிமிடம் சேர்த்தால் நம்மூரில் மதியம் 2.10. துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால், அதனால் அங்கே 12.40. சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முன்னால், அங்கே 4.40. குழப்பம் முழுக்க இந்த நாலு மணி நேர வித்தியாசம்தான்.

அப்புறம் காற்று. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் காற்று குளிர்காலத்தில் பலமாக இருக்கும். துபாய் போகும்போது அது எதிர்க்காற்று, திரும்பும்போது பின்காற்று. அதனால் திரும்பி வரும் பயணம் கொஞ்சம் சீக்கிரம் முடியும்.

கடைசியாக வீட்டிலிருந்து கணக்கிடுங்கள். விம்கோ நகரிலிருந்து விமான நிலையம் வரை நீல வழி மெட்ரோ மாறாமல் போகிறது, 32 கி.மீ.க்குக் கொஞ்சம் மேல். ஒரு மணி நேரத்துக்கு மேலேயே வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு விமானத்துக்கு 3 மணி நேரம் முன்னதாக அங்கே இருக்க வேண்டும். நள்ளிரவில் மெட்ரோ ஓடாது. விடிகாலை விமானம் என்றால் முதல் நாளே கார் சொல்லிவையுங்கள்.