பைக் ஆடுதா, ஒரு பக்கம் இழுக்குதா? சர்வீஸ்ல விடறதுக்கு முன்னாடி வாசல்ல வச்சே பாத்துருங்க

செங்கோட்டை, தென்காசி, கடையநல்லூர் பக்கம் ஓடுற வண்டிக்கு இந்த கம்ப்ளைன்ட் கொஞ்சம் சீக்கிரமே வந்துரும். ஒரு பக்கம் கோட்டைவாசல் தாண்டி ஆரியங்காவு, கழுதுருட்டி, தென்மலைன்னு புனலூர் வரைக்கும் வளைஞ்சு வளைஞ்சு போற ரோடு, இன்னொரு பக்கம் ஆனி ஆடில சாரலோட கணவாய் வழியா வந்து அடிக்கிற காத்து, அது பத்தாதுன்னு நம்ம ஆளுங்க பின்னாடி கேரியர்ல கட்டிக்கிட்டு போற சாமான்.

சர்வீஸ் சென்டர்ல போய் "வண்டி ஆடுது"ன்னு சொன்னா ஜாப் கார்டுல "வாபிளிங் செக்"னு ரெண்டு வார்த்தை எழுதிக்குவாங்க. டெஸ்ட் டிரைவ் எடுக்கற பையன் தனியா, நேரான ரோட்ல ஒரு ரவுண்டு போயிட்டு வந்து ஓகேதான் சார்னுருவான், சாயங்காலம் வாட்டர் வாஷ் பண்ணி பளபளன்னு சாவிய குடுப்பாங்க. அவன் பொய் சொல்லல, அவன் ஓட்டுனப்ப நிஜமாவே ஆடலை. உங்க ஆட்டம் பின்னாடி ஆள் உக்காந்து அறுபதுல இறக்கத்துல வர்றப்பதான் தலைகாட்டும், அது அவனுக்கு எப்படி தெரியும்? அதனால வேலைய யார் செஞ்சாலும் சரி, எங்க கோளாறுன்னு கண்டுபிடிக்கறது தினம் ஓட்டுற நம்ம கையிலதான் இருக்கு.

முதல்ல எப்ப ஆடுதுன்னு கவனிங்க. நாப்பது அம்பதுல பிடிய லேசா தளர்த்தும்போது ஹேண்டில் படபடன்னு அடிச்சா முன் டயர் இல்லன்னா கோன் செட், அதாவது ஹேண்டில் திரும்பற கழுத்துல மேலயும் கீழயும் இருக்கற பேரிங். டவுனுக்குள்ள மெதுவா போகும்போது வண்டி நேரா போகாம தள்ளாடி தள்ளாடி போனா கோன் டைட்டா இருக்கும், இல்ல நடுவுல குழி விழுந்திருக்கும். முன் பிரேக் பிடிச்சா கைக்கு டொக்குன்னு ஒரு தட்டு வந்தா கோன் லூஸ். வேகத்துல பின்பக்கம் மட்டும் மீன் வால் மாதிரி அசைஞ்சா பின் டயர் காத்து, சுவிங் ஆர்ம் (பின் சக்கரத்த பிடிச்சிருக்கற கை) புஷ், இல்ல நீங்க ஏத்தி வச்சிருக்கற லோடு.

ஒரு பக்கமா இழுக்குதுன்னா இன்னொரு விஷயம் இருக்கு. நம்ம ரோடு தண்ணி வடியறதுக்காக ஓரம் சரிவாத்தான் போட்டிருப்பாங்க, லேசா இடது பக்கம் போறது வண்டி குத்தம் இல்ல. ஆள் நடமாட்டம் இல்லாத நேரம் சமமான இடத்துல பாருங்க. காத்து சீசன்ல போகும்போது ஒரு மட்டம், அதே ரோட்ல திரும்பி வரும்போது ஒரு மட்டம் பாருங்க, இழுக்கற பக்கம் மாறுச்சுன்னா அது காத்து, ரெண்டு தடவையும் வண்டியோட ஒரே பக்கமா இழுத்தா அது வண்டி.

இப்ப வேலைக்கு வருவோம். டயர் காத்துதான் முதல்ல. வண்டி ஓடாம ஆறி இருக்கும்போது பாக்கணும், சூட்டோட பாத்தா கூட காட்டும். தினம் வேலைக்கு போய் வர்ற நிறைய சாதா வண்டிக்கு தனியா ஓட்டும்போது முன்னாடி 25, பின்னாடி 28 பி.எஸ்.ஐ., பின்னாடி ஆள் இருந்தா இன்னும் கூட வேணும், உங்க வண்டிக்கு எவ்வளவுன்னு செயின் கவர்லயோ சுவிங் ஆர்ம்லயோ ஸ்டிக்கர் இருக்கும். பங்க்ல "ரெண்டுலயும் முப்பது போடுப்பா"ன்னு சொல்றத மட்டும் விட்டுருங்க. அப்படியே டயர் பக்கவாட்டுல நாலு நம்பர் கோடு பாத்துக்கிடுங்க, 2319னு இருந்தா 2019ல இருபத்தி மூணாவது வாரம் செஞ்ச டயர். டயர் மேல பட்டன் தேயாம நிறைய இருந்தாலும் ரப்பர் காஞ்சு விரிசல் விட்டிருந்தா மாத்தத்தான் வேணும். திருநெல்வேலி ரோட்லயே நேரா ஓடுற வண்டிக்கு பின் டயர் நடுவுல மட்டும் தேஞ்சு தட்டையாயிரும், நேர் ரோட்ல ஒண்ணும் தெரியாது, கேரளாவுல இருந்து திரும்பி புளியரை எஸ் வளைவுல இறங்கி சாய்க்கும்போது அந்த தட்டையோட விளிம்பு தாண்டி வண்டி பொசுக்குன்னு விழற மாதிரி இருக்கும். பாதி பேரு இத கோன் செட்னு நினைச்சு காசு செலவு பண்றாங்க.

அடுத்தது கோன். சென்டர் ஸ்டாண்டு போட்டு என்ஜினுக்கு அடியில ஒரு மரக்கட்டைய குடுத்து முன் சக்கரத்த தூக்கிருங்க. கீழ உக்காந்து முன் சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் இருக்கற ஃபோர்க்க அடியில பிடிச்சு முன்னும் பின்னும் ஆட்டுங்க, டொக் டொக்குன்னு ஆட்டம் தெரிஞ்சா லூஸ். அப்புறம் ஹேண்டில நடுவுல இருந்து ஒரு விரலால லேசா தள்ளி விடுங்க, அதுவா ரெண்டு பக்கமும் போய் முட்டணும். நேரா வர்ற இடத்துல வந்து டக்குனு உக்காந்துக்கிட்டா கோன் செட்டோட கப்புல பேரிங் குண்டு குழி போட்டுருச்சு, அத எவ்வளவு டைட் பண்ணாலும் சரியாகாது, புது செட்தான். வெறும் லூஸ்னா நம்மளே பாக்கலாம், மேல ஹேண்டிலுக்கு நடுவுல இருக்கற பெரிய நட்ட (ஸ்டெம் நட்) லூஸ் பண்ணிட்டு, மேல் பிளேட்ல ஃபோர்க்க பிடிச்சிருக்கற போல்ட்டையும் லூஸ் பண்ணி, அடியில இருக்கற ரிங் நட்ட சி மாதிரி வளைஞ்ச ஸ்பேனர் வச்சு துளித்துளியா திருப்புங்க. ஆட்டம் நின்ன உடனே நிறுத்திரணும். திரும்ப எல்லாத்தையும் டைட் பண்ணிட்டு மறுபடி செக் பண்ணுங்க, ஏன்னா மேல் நட்ட இறுக்கும்போது அது கோனையும் சேத்து அழுத்தும், இத மறந்துதான் நிறைய மெக்கானிக்கே டைட்டா விட்டுர்றாங்க.

வண்டி ஒரு தடவ விழுந்து எந்திரிச்சதுல இருந்து ஹேண்டில் கோணலா இருக்குன்னா உடனே ஃபோர்க் பெண்டுன்னு பயப்பட வேண்டாம். பல நேரம் ஃபோர்க் கிளாம்புல திருகி நிக்கும், அவ்வளவுதான். முன் ஆக்ஸில், கீழ் கிளாம்ப் போல்ட், மேல் போல்ட் எல்லாத்தையும் கொஞ்சம் லூஸ் பண்ணி, முன்னாடி நின்னு சக்கரத்த முழங்காலுக்கு நடுவுல இறுக்கி பிடிச்சுக்கிட்டு ஹேண்டில எதிர்ப்பக்கம் திருப்புனா நேர் ஆயிரும், பிறகு நின்ன நிலையில ஃபோர்க்க நாலஞ்சு தடவ அமுக்கி விட்டுட்டு கீழ இருந்து மேல வரிசையா டைட் பண்ணுங்க. இதுக்கும் நேர் ஆகலைன்னா குழாய் வளைஞ்சிருக்கு, அது வீட்டு வேலை இல்ல.

பின் சக்கரம் நேரா இருக்கான்னு பாக்க நூல்தான் பெஸ்ட், சுவிங் ஆர்ம்ல செயின் அட்ஜஸ்டர் கிட்ட இருக்கற அளவு கோட்ட மட்டும் நம்பாதீங்க. நைலான் நூல பின் டயரோட பின்பக்கம் சுத்தி ரெண்டு பக்கமும் தரையில இருந்து ஒரு ஜாண் உயரத்துக்கு கீழயே முன் டயர் தாண்டி இழுத்து பிடிங்க. ஸ்டாண்டு கால் நூல்ல தட்டும், அதனால ஒருத்தர வண்டிய நிமித்தி பிடிக்க சொல்லிருங்க. ஒவ்வொரு பக்கமும் நூல் பின் டயரோட பின் ஓரம், முன் ஓரம் ரெண்டையும் தொட்டுக்கிட்டு போகணும், முன் டயருக்கு ரெண்டு பக்கமும் ஒரே அளவு இடைவெளி இருக்கணும். ஒரு பக்கம் கூட இருந்தா செயின் அட்ஜஸ்டர கொஞ்சமா திருப்பி சரி பண்ணுங்க. ஆக்ஸில் நட்ட இறுக்கிட்டு செயின் தொய்வையும் பின் பிரேக்கையும் இன்னொரு மட்டம் பாருங்க.

சென்டர் ஸ்டாண்டுலயே பின் சக்கரத்த பக்கவாட்டுல ஆட்டுங்க. சக்கரம் மட்டும் ஆடுனா பேரிங், சுவிங் ஆர்மும் சேந்து ஆடுனா புஷ். ஸ்போக் வண்டின்னா ஒவ்வொரு கம்பியையும் ஸ்பேனரால தட்டுங்க, டிங்னு கேக்கணும், டப்புன்னு கேட்டா தொங்கிருச்சு. ஃபோர்க் குழாய்ல எண்ணெய் வளையம் இருந்தா ஆயில் சீல் போச்சு.

கப்பு கழட்டறது, புஷ் அடிச்சு ஏத்தறது, சீல் மாத்தறது இதுக்கெல்லாம் டூல் வேணும், நல்ல மெக்கானிக் கிட்ட விடுங்க. வாரன்டி ஓடுற வண்டின்னா ஷோரூம்ல மட்டும்தான், நம்ம கைவச்சது தெரிஞ்சா கிளெய்ம் பண்ணும்போது பிரச்சினை பண்ணுவாங்க. ஏபிஎஸ் சென்சார் இருக்கற சக்கரத்தையும் தெரியாம கழட்ட வேண்டாம். ஆனா விடும்போது "ஆடுது"ன்னு மட்டும் சொல்லாம, "பின்னாடி ஆள் இருந்தா அறுபதுல ஆடுது, காத்து சரியா இருக்கு, கோன்ல ஆட்டம் இல்ல, புஷ்ல இருக்கு"ன்னு ஜாப் கார்டுல எழுத வைங்க. முடிஞ்சா ஆள பின்னாடி உக்கார வச்சு நீங்களே ஓட்டி காட்டுங்க. மாத்துன பழைய பார்ட்ஸ் எனக்கு வேணும்னு வண்டி விடும்போதே சொல்லிருங்க, வாங்கும்போது கேட்டா குப்பைல போட்டாச்சு அண்ணாச்சின்னு சொல்லிருவாங்க.