அட்டைப்பெட்டிக்கு ஆர்எஃப்ஐடி லேபிள் வடிவமைக்கிறீர்களா?

திருப்பூரிலிருந்து கப்பலேறும் பெட்டிகளுக்கு, ரேடியோ அலையால் படிக்கப்படும் இந்த லேபிளை வடிவமைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அலைவரிசையைத்தான். ஐரோப்பாவில் 865–868 மெகாஹெர்ட்ஸிலும் அமெரிக்காவில் 902–928 மெகாஹெர்ட்ஸிலும் ரீடர்கள் (லேபிளைப் படிக்கும் கருவிகள்) இயங்குவதால், நம் கிடங்கில் சிக்கலின்றிப் படிக்கப்பட்ட லேபிள் அமெரிக்காவில் தடுமாறக்கூடும். இரண்டுக்கும் பொருந்தும் ஆன்டெனாவைக் கேட்டு வாங்குவது நல்லது.

உள்ளே இருப்பது பனியன் என்றால் பெரிய தொல்லை இல்லை. ஷாம்பு, பழச்சாறு போன்றவற்றில் உள்ள நீர் அலையை உறிஞ்சிவிடும். தகர டப்பாக்களோ அதைத் திருப்பியடிக்கும். எனவே பாட்டில்களின் கழுத்துக்கு நேராக, உள்ளே காலியிடம் இருக்கும் உயரத்தில் லேபிளை ஒட்ட வேண்டும். பெட்டியின் நடுவில் ஒட்டினால்தான் அழகு என்று வாதிடுபவர்களுக்கு, ஒருமுறை ரீடர் முன் பெட்டியை நகர்த்திக் காட்டினாலே போதும்.

லேபிளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், ஆன்டெனாக் கோடுகள் கூடும் இடத்தில் கடுகை விடச் சிறிய கரும்புள்ளியாகச் சிப் தெரியும். அந்த மேட்டின் மீது அச்சுத்தலை சரியாகப் படியாமல் வெள்ளைத் திட்டு விழுவதோடு, அழுத்தத்தால் சிப் பழுதாகவும் வாய்ப்புண்டு என்பதால், பார்கோடு அவ்விடத்தில் அமையாதவாறு வடிவமைக்க வேண்டும். சிப்பில் எழுதப்படும் 18 இலக்க எஸ்எஸ்சிசி எண்ணையே (அந்தப் பெட்டிக்கே உரிய அடையாள எண்) பார்கோடாகவும், கண்ணால் படிக்கும் எழுத்தாகவும் அச்சிட்டு வையுங்கள். சிப் பேசாவிட்டாலும் பெட்டி வழியில் தேங்காது.