தாயகப் பயணத்தில் நுளம்புக்கடியும் நறுமண எண்ணெய்களும்

மார்கழி விடுமுறைக்கு யாழ்ப்பாணத்துக்கோ வன்னிக்கோ செல்பவர்கள், வடகீழ்ப் பருவமழையில் நுளம்பு பெருகும் காலத்திலேயே போய் இறங்குகிறார்கள். நல்லூர்த் திருவிழாவை ஒட்டிச் செல்பவர்களுக்கு, வறண்ட காலம் என்பதால், தொல்லை சற்றுக் குறைவு. ஊரில் வாழ்பவருக்குச் சிறு தடிப்போடு அடங்கிவிடும் கடி, கனடாவிலோ இலண்டனிலோ வளர்ந்த பிள்ளையின் காலில் பெரிதாக வீங்கி இரவெல்லாம் சொறிய வைப்பதுண்டு. வெளிநாட்டு இரத்தம் நுளம்புக்கு ருசி என்று உறவினர்கள் பகிடி பண்ணுவார்கள். உண்மையில் நுளம்பின் உமிழ்நீரிலுள்ள புரதங்களை எதிர்த்து உடல் ஹிஸ்டமின் என்ற இரசாயனத்தை வெளியிடுவதே தடிப்புக்கும் அரிப்புக்கும் காரணம், அடிக்கடி கடிபடும் உடல் காலப்போக்கில் அந்தப் புரதங்களுக்குப் பழகிவிடுகிறது.

இந்த அரிப்பைத் தணிக்கவே பலர் லாவெண்டர், டீ ட்ரீ, பெப்பர்மின்ட் முதலிய நறுமண எண்ணெய்களைப் பயணப்பையில் வைக்கிறார்கள். பெப்பர்மின்ட் எண்ணெயிலுள்ள மென்தோல் தோலின் குளிர் உணர்வைத் தூண்டி, சொறியவேண்டும் என்ற உந்துதலைச் சிறிது நேரம் மறக்கச் செய்கிறது. லாவெண்டரும் டீ ட்ரீயும் இதமளிப்பதாகப் பலர் சொன்னாலும், பூச்சிக்கடிக்கு அவை உதவுகின்றன என்பதற்கான ஆய்வுச் சான்று மெலிதானது. எந்த எண்ணெயும் தோலுக்குள் சென்ற உமிழ்நீரை அகற்றுவதில்லை. ஆகவே இவற்றை மருந்தாக அன்றி, தற்காலிகத் தணிப்பாகக் கொள்வதே சரி.

பெரும்பாலான கேடு, போத்தலிலிருந்து நேரே எடுத்துப் பூசுவதால் வருகிறது. நறுமண எண்ணெய் மிகச் செறிவானது. கலக்காமல் பூசினால் கடித்த இடம் எரிந்து சிவந்து, நுளம்பு செய்ததைவிடப் பெரிய புண்ணாகலாம். ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லிலீற்றர், தேங்காயெண்ணெயில் இரண்டு துளி விட்டால் ஏறக்குறைய 2 வீதச் செறிவு கிடைக்கும். வளர்ந்தவர்களுக்கு அதற்கு மேல் தேவையில்லை. பள்ளிக்கூட வயதுப் பிள்ளைகளுக்கு அதே அளவு எண்ணெயில் ஒரு துளி லாவெண்டர் போதும். தண்ணீரில் விட்டுக் கலக்குவது பயனற்றது, ஏனெனில் எண்ணெய் கரையாமல் மேலே மிதந்து, செறிவு குறையாமலே தோலில் படும். புறப்படுவதற்கு முன்பே, கலந்த எண்ணெயை முன்கையின் உட்புறத்தில் சிறிது பூசி ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். பழைய போத்தலைக் கொண்டுபோகாதீர்கள்: காற்றும் வெப்பமும் பட்ட டீ ட்ரீ எண்ணெய் ஒவ்வாமையை எளிதில் உண்டாக்கும், வெயிலில் நிறுத்திய வான் வண்டிக்குள் அது இன்னும் விரைவாகக் கெடும். சொறிந்து தோல் உரிந்த இடத்திலும் கண்ணருகிலும் பூசவே கூடாது.

மாத்தளைப் பக்கத்து வாசனைத் திரவியத் தோட்டங்களில் விற்கும் கராம்பு, கறுவா எண்ணெய்கள் தோலை எளிதில் எரிப்பவை. அவற்றைக் கடிக்குப் பூசவேண்டாம். தேசிக்காய்ச் சாற்றைத் தேய்க்கச் சொல்லும் பெரியம்மாவுக்கும் பணிவாக மறுப்புச் சொல்லுங்கள், ஏனென்றால் அது பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளமும் கருமையும் வரலாம். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கற்பூரம், மென்தோல், யூகலிப்டஸ் சேர்ந்த எதையும் பூசக்கூடாது. ஊரில் வீட்டுக்கு வீடு இருக்கும் தைலப் பூச்சுகள் பலவற்றில் இவை உண்டு என்பதால், அன்போடு பூச வருபவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். யூகலிப்டஸ் எண்ணெயையோ கற்பூரத்தையோ குழந்தை சிறிதளவு விழுங்கினாலே வலிப்பு வரக்கூடும். போத்தல்களை எட்டாத உயரத்தில் வையுங்கள்.

எங்கள் கணிப்பில், எண்ணெயைவிட நம்பத்தக்கவை எளிமையானவை. கடித்த இடத்தைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, துணியில் சுற்றிய பனிக்கட்டியைப் பத்து நிமிடம் வைத்தாலே பெரும்பாலும் போதும். அதற்கு மேல் கலமைன் பூச்சு, 1 வீத ஹைட்ரோகோர்ட்டிசோன் களிம்பு, ஒவ்வாமையைத் தணிக்கும் செற்றிரிசின் மாத்திரை ஆகியவற்றை மருந்தாளரிடம் கேட்டுக் கையோடு எடுத்துச் செல்லலாம். கடித்த இடம் சூடேறி, சிவப்பு பரவி, சீழ் வைத்தால், சிறப்பாக நீரிழிவு உள்ளவர்கள், தாமதியாமல் வைத்தியரைக் காணவேண்டும். குளவி கொட்டியபின் முகம் வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ உடனே 1990 என்ற இலவச அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள்.

கடியைத் தணிப்பதைவிடக் கடிபடாமல் இருப்பதே முக்கியம், ஏனெனில் டெங்குவைப் பரப்பும் நுளம்பு பகலில், சிறப்பாகக் காலையிலும் மாலை மங்கும் முன்னும் கடிக்கிறது. சிட்ரோனெல்லா எண்ணெயின் காப்பு விரைவில் ஆவியாகிவிடும். டீட் (DEET) என்ற நுளம்பு விரட்டி மருந்து 20 முதல் 30 வீதம் கொண்ட பூச்சு பல மணிநேரம் நிற்கும். வெயில் காப்புப் பூச்சும் பூசுவதானால் அதை முதலில் பூசி, பின்னர் இதைப் பூசவேண்டும். காய்ச்சல் வந்தால் இரத்தப் பரிசோதனை செய்யும் வரை பனடோல் மட்டும் எடுங்கள். அஸ்பிரினும் இபுபுரூபனும் டெங்குவில் இரத்தக்கசிவைக் கூட்டக்கூடியவை. திரும்பி வந்து இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் கண்டாலும், இலங்கையிலிருந்து வந்ததை வைத்தியரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.