லினக்ஸில் தேறிய சோதனை விண்டோஸிலும் தேற வேண்டுமானால்

என் லினக்ஸ் கணினியில் பச்சை காட்டிய பைதான் சோதனை ஒன்று, விண்டோஸ் வைத்திருக்கும் தோழியிடம் போனதும் சிவப்பாகிவிட்டது. பிழைச் செய்தி இதுதான்:

எதிர்பார்த்தது: அறிக்கை/2024.சிஎஸ்வி
கிடைத்தது: அறிக்கை\2024.சிஎஸ்வி

நிரல் சரியாகத்தான் வேலை செய்தது. சாய்கோடு சாய்ந்த திசை மட்டுமே வேறு. 1983இல் வந்த எம்எஸ்-டாஸ் 2.0 கோப்புறைகளைக் கொண்டுவந்தபோது, கட்டளைகளின் விருப்பத்தேர்வுகளுக்கு முன்சாய்கோடு (/) ஏற்கெனவே பயன்பட்டு வந்தது. அதனால் பாதைகளுக்கு, அதாவது கோப்பு இருக்கும் இடத்தைக் குறிக்கும் முகவரிகளுக்கு, பின்சாய்கோடு (\) வந்து சேர்ந்தது. விண்டோஸில் அந்த வழக்கம் இன்றும் தொடர்கிறது.

(பாத்லிப், பைடெஸ்ட் போன்ற பெயர்களைக் கீழே தமிழில் தருகிறேன், நிரலில் அவற்றை ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்யுங்கள். உங்கள் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம், பைதான் 3 ஏற்றுக்கொள்ளும்.)

படி 1: பாதையைக் கூட்டல் குறியால் ஒட்டாதீர்கள்

கோப்புப் பாதைகளைக் கையாளும் பாத்லிப் என்ற நூலகம் பைதான் 3.4 முதல் பைதானுடனேயே வருகிறது. அதிலுள்ள பாத் வகையைக் கொண்டு இப்படி எழுதுங்கள்:

அடைவு / "அறிக்கை" / "2024.சிஎஸ்வி"

இங்குள்ள சாய்கோடு பாதையின் பகுதிகளை இணைக்கும் செயற்குறி. எந்த இயங்குதளத்தில் ஓடுகிறதோ அதற்குரிய கோட்டை பாத்லிப் தானே போட்டுக்கொள்ளும். இந்த வரியை அறிக்கை_பாதை(அடைவு) என்ற ஃபங்ஷனுக்குள் வைத்து, 'அடைவு' (தொடக்கக் கோப்புறை) என்பதை வெளியிலிருந்து கொடுங்கள். இதன் பலன் நான்காம் படியில் தெரியும்.

படி 2: எதிர்பார்க்கும் விடையும் பாதையாகவே இருக்கட்டும்

பலரும் நிரலைத் திருத்திவிட்டு, சோதனையில் பழைய சரத்தை (மேற்கோள் குறிக்குள் உள்ள வெறும் எழுத்துகளை) அப்படியே விட்டுவிடுகிறார்கள். பாத் பொருளையும் சரத்தையும் ஒப்பிட்டால், எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தாலும் சமமில்லை என்றே விடை வரும். ஆகவே:

கிடைத்தது == பாத்("அறிக்கை/2024.சிஎஸ்வி")

விண்டோஸிலும் இது சரியாக ஓடும். பாத் முன்சாய்கோட்டைப் புரிந்துகொள்கிறது. ஜேசன் கோப்பிலோ இணைய முகவரியிலோ பாதையை எழுதுவதாக இருந்தால் மட்டும், எப்போதும் முன்சாய்கோடு போடும் ஆஸ்_பாசிக்ஸ் மூலம் சரமாக்குங்கள். பின்சாய்கோடுகளையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு மாற்றிவிடாதீர்கள். லினக்ஸில் கோப்பின் பெயருக்குள்ளேயே பின்சாய்கோடு இருக்கலாம்.

படி 3: தற்காலிகக் கோப்புகள்

லினக்ஸின் தற்காலிகக் கோப்புறையின் முகவரியைச் சோதனைக்குள் நேரடியாக எழுதாதீர்கள். சோதனைகளை ஓட்டும் கருவியான பைடெஸ்டின் டிஎம்பி_பாத் ஒவ்வொரு சோதனைக்கும் புதிய கோப்புறை தரும். திறந்த கோப்பை மறக்காமல் மூடுங்கள். திறந்திருக்கும் கோப்பை அழிக்க விண்டோஸ் பொதுவாக விடாது.

படி 4: விண்டோஸ் இல்லாமலே விண்டோஸ் சோதனை

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. பாத்லிப்பில் ப்யூர்விண்டோஸ்பாத் என்றொரு வகை உண்டு. அது வட்டைத் தொடுவதில்லை. பாதையின் இலக்கணத்தை மட்டும் அறிந்தது. அதனால் லினக்ஸிலும் இயங்கும்.

அறிக்கை_பாதை(ப்யூர்விண்டோஸ்பாத்("சி:/தரவு"))

இதைச் சரமாக்கினால் சி:\தரவு\அறிக்கை\2024.சிஎஸ்வி என்று வரும். அடைவை வெளியிலிருந்து கொடுக்கச் சொன்னது இதற்காகத்தான். இதே சோதனையை, லினக்ஸ் பாதைகளுக்கான ப்யூர்பாசிக்ஸ்பாத் கொண்டும் ஒருமுறை எழுதிவிடுங்கள்.

படி 5: மூன்றிலும் ஓட்டுங்கள்

ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டை லினக்ஸ் பார்க்கும். விண்டோஸும் மேக்கும் இயல்பான அமைப்பில் பார்க்காது. இத்தகைய பிழைகள் உண்மையான கணினியில்தான் அகப்படும். சோதனைகளைத் தானாக ஓட்டும் சேவையான கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் உபுண்டு (ஒரு லினக்ஸ்), விண்டோஸ், மேக் மூன்றையும் மேட்ரிக்ஸில், அதாவது ஓட்ட வேண்டிய இயங்குதளங்களின் பட்டியலில், சேருங்கள். அங்கே ஃபெயில்-ஃபாஸ்ட் அமைப்பை அணைத்துவிடுங்கள்; இல்லையென்றால் ஒன்று தோற்றதும் மற்ற இரண்டும் பாதியில் நிறுத்தப்படும், பிழை விண்டோஸுக்கு மட்டும் உரியதா என்பது தெரியாமலே போகும்.